சத்தமில்லாத அறை

இரண்டு வருஷங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், உங்கள் கதைகளில் அம்மா காய் நறுக்குகிறாள், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், மழை பெய்கிறது. எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் வெளியே ஊர் பற்றி எரிகிறதே, அது உங்கள் காதில் விழவே இல்லையா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏதோ ஒரு சாமர்த்தியமான பதிலைச் சொல்லிச் சமாளித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். நான் சொன்ன பதில் இப்போது எனக்கு நினைவில்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

என் எழுத்து மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு படம் தொங்குகிறது. பழைய காலண்டர் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்துச் சட்டம் போட்டது. ஹாலந்து தேசத்து ஓவியர் யோகான்னஸ் வெர்மீர் 1660-ஐ ஒட்டித் தீட்டிய 'பால் ஊற்றும் பெண்' அது. அன்று இரவு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அந்த இளைஞர் தம் கேள்வியை ஆள் மாறி என்னிடம் கேட்டுவிட்டாரோ என்று தோன்றிற்று. கேட்க வேண்டிய ஆள் இந்த மனிதர் அல்லவா?

படத்தில் நடப்பது மிகவும் கொஞ்சம். ஒரு சமையலறை. இடப்பக்கம் ஜன்னல், அதில் ஒரு கண்ணாடிச் சில்லு உடைந்திருக்கிறது. வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், முன்பு ஆணி அடித்துப் பிடுங்கிய துவாரங்கள். மேஜைமேல் கூடையில் ரொட்டி. மஞ்சள் ரவிக்கையும் நீலத் துணியும் அணிந்த, உடம்பு தடித்த ஒரு வேலைக்காரி, மண் ஜாடியைச் சாய்த்து மற்றொரு மண் பாத்திரத்தில் பால் ஊற்றுகிறாள். பால் நூல்போல் இறங்குகிறது. அவள் கண் அந்த நூலின்மேல் இருக்கிறது. அவ்வளவுதான். அசல் படம் ஒன்றரை அடி உயரம்கூட இராது. ஆனால் அதைப் பார்க்கிறவன் தன்னை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். காலண்டர் காகிதத்தில் பார்த்தால்கூட அப்படித்தான்.

இந்த அமைதியைத் தீட்டிய மனிதர் எந்த மாதிரி வீட்டில் இருந்து தீட்டினார் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வெர்மீர் 1632-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி டெல்ஃப்ட் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் முதலில் நெசவாளி. பிறகு சந்தைச் சதுக்கத்தில் சத்திரம் நடத்தியவர். கூடவே படம் வாங்கி விற்கும் தொழிலும் உண்டு. பிள்ளை பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மண்ணுக்குள் போனார். 1653-இல் கதரீனா போல்னெஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷக் கடைசியில் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். சில வருஷங்களில் வசதியுள்ள மாமியார் மரியா தின்ஸின் வீட்டோடு போய்க் குடியேறிவிட்டார். வீட்டு மாப்பிள்ளை என்றால் எந்த நாட்டிலும் கொஞ்சம் அடங்கித்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டில் பிறந்த குழந்தைகள் பதினைந்து. நாலு குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன. மிஞ்சியவை பதினொன்று. பதினொரு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை அழுகை, எத்தனை சண்டை, எத்தனை ஜுரம், எத்தனை துணி! போதாதென்று கதரீனாவின் சகோதரன் வில்லெம் வேறு. அவன் முரடன். பெற்ற தாயை ஏசுவான். கர்ப்பிணியாக இருந்த கதரீனாவை, முனையில் இரும்பு வைத்த கோலை எடுத்துக்கொண்டு குத்த வந்தான். அப்போது குறுக்கே பாய்ந்து தடுத்தவள் அந்த வீட்டு வேலைக்காரி தான்னெக்கே எவர்போல். இதெல்லாம் சாட்சியங்களாகப் பதிவாகி இன்றும் இருக்கிறது.

இத்தனைக்கும் மாடியில் ஓர் அறையில், வடக்கு வெளிச்சத்தில், இந்த மனிதர் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ படம் தீட்டிக்கொண்டிருந்தார். 1663-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் அவரைத் தேடி வந்தார். காட்டுவதற்கு வீட்டில் ஒரு படம்கூட இல்லை. ஊர் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. வந்தவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இன்று உலகம் முழுவதிலும் வெர்மீரின் படங்கள் சுமார் 35-தான் இருக்கின்றன.

அவற்றில் எதிலாவது அழுகிற குழந்தை உண்டா? இல்லை. வில்லெமின் கோல் உண்டா? இல்லை. கடிதம் படிக்கும் பெண், தராசு பிடித்த பெண், ஜாடியைத் தூக்கும் பெண், சரிகைப் பின்னல் பின்னும் பெண். ஜன்னல் வழியே வெளிச்சம். நிசப்தம்.

இந்த நிசப்தம் சும்மா கிடைத்தது அல்ல என்பது இப்போது தெரிகிறது. 2022-இல் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்து ஆராய்ச்சியாளர்கள் 'பால் ஊற்றும் பெண்' படத்தின் அடி வர்ணங்களைக் கருவிகள் கொண்டு ஊடுருவிப் பார்த்தார்கள். அவள் தலைக்குப் பின்னால், இப்போது வெறுஞ்சுவராக இருக்கும் இடத்தில், முதலில் ஜாடிகள் தொங்கும் ஒரு பலகை வரையப்பட்டிருந்தது. கீழே கணப்புக் கூடை ஒன்று இருந்தது. இரண்டையும் வெர்மீர் வர்ணத்தால் மூடி மறைத்திருக்கிறார். அறையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பதுபோல் எடுத்து வைத்துத்தான் அந்த வெள்ளைச் சுவர் உண்டாயிற்று. எழுதுகிறவனுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு பக்கத்தை எழுதுவதைவிட, அதில் இருக்கும் நாலு நல்ல வாக்கியங்களை அடிக்கத்தான் அதிக நேரமாகிறது.

ஆனால் அந்த நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது?

1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து ஹாலந்தின்மேல் படையெடுத்தன. எதிரி முன்னேறாமல் தடுக்க டச்சுக்காரர்கள் தங்கள் நிலத்தையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். மாமியாரின் நிலமும் மூழ்கிற்று; குத்தகை நின்றது. படம் வாங்க ஆளில்லை. தகப்பனாரைப்போல் மற்றவர்களின் படங்களை வாங்கி விற்றுவந்த வியாபாரமும் முடங்கிற்று. 1675-இல் வெர்மீர் ஆம்ஸ்டர்டாமில் ஆயிரம் கில்டர் கடன் வாங்கினார். அந்த வருஷம் டிசம்பரில் இறந்துபோனார். வயது 43. கவலை மண்டைக்கு ஏறிப் பித்துப் பிடித்தாற்போலாகி, நன்றாக இருந்தவர் ஒன்றரை நாளில் போய்விட்டார் என்று பிறகு கதரீனா கொடுத்த மனுவிலிருந்து தெரிகிறது.

ரொட்டிக்கடைப் பாக்கி மட்டும் 617 கில்டர். கடைக்காரர் ஹெண்ட்ரிக் வான் பைட்டன் பாக்கிக்கு ஈடாக இரண்டு படங்களை எடுத்துக்கொண்டார். வருஷத்துக்கு 50 கில்டர் வீதம் கட்டி முடித்தால் படங்களைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சில வருஷங்களுக்கு முன், ஒரே ஒரு சிறுகதையை வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் ஒரு தொடர்கதைக்கு முன்பணம் தருவதாக ஒரு பத்திரிகையிலிருந்து ஆள் வந்தார். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். மளிகைக்கடைப் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என் பெண்ணிடம் துண்டுச் சீட்டைக் கொடுத்து, "அண்ணாச்சிகிட்டே, அப்பா ஒண்ணாந்தேதி மொத்தமா தந்துடுவாங்கன்னு சொல்லும்மா" என்று மெல்லிய குரலில் சொல்லி அனுப்பினாள். அது என் காதில் விழக்கூடாது என்றுதான் குரலைத் தாழ்த்தினாள். அதனாலேயே விழுந்தது.

அண்ணாச்சி சாமான் கொடுத்தார். கதையும் முடிந்தது. நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதைக்காக நான் செலவழித்த அமைதி என்னுடையதல்ல. என் மனைவி தன் பேச்சை அடக்கிக்கொண்டு எனக்குக் கொடுத்தது அது. கதரீனாவும் தன் குழந்தைகளைக் கீழ்க்கட்டிலேயே நிறுத்திக்கொண்டு எத்தனை பகல்களைப் புருஷனுக்குக் கொடுத்திருப்பாள்! கலைஞனின் அமைதிக்குப் பின்னால் வேறொருவரின் பொறுமை இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டா என்றால், உரிமை இல்லை, கடன்தான் உண்டு என்பேன். வெர்மீர் அந்தக் கடனைத் தீர்க்காமலே போய்விட்டார். அவர் படங்களைப் பார்த்து நான் உருகும்போதெல்லாம் இந்த நினைப்பு ஓரத்தில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டு விஷயம் இருக்கட்டும். இளைஞர் கேட்டது ஊரைப் பற்றி.

1654-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி டெல்ஃப்ட் நகரத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஊரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் காரல் ஃபாப்ரிஷியஸ் என்ற அருமையான ஓவியர், வயது 32. வெர்மீருக்கு அப்போது 22 நடக்கப்போகிறது. சில வருஷங்கள் கழித்து அவர் தம் ஊரையே ஒரு பெரிய படமாகத் தீட்டினார். மழை விட்ட காலை, ஈரமான ஓடுகள், கால்வாயில் கோபுரங்களின் நிழல். இடிபாடு அதில் இல்லை. இதைப் பார்த்து, பயந்து கண்ணை மூடிக்கொண்டவர் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கணத்தில் எல்லாம் போய்விடும் என்று கண்ணால் கண்டவன்தான், ஓட்டின்மேல் படிந்த ஈரத்தை அவ்வளவு ஆசையோடு பார்ப்பான். போகக்கூடியது என்று தெரிந்ததால் வந்த கவனம் அது.

இங்கே நிறுத்திக்கொண்டால் என் கட்டுரை சுகமாக முடிந்துவிடும். நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் நம் கடற்கரையும் வருகிறது.

1602-இல் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். அவற்றில் ஒன்று டெல்ஃப்ட். அந்தக் கம்பெனிதான் பழவேற்காட்டில் கோட்டை கட்டிற்று. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. அந்தச் சமயத்தில் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடின. பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றார்கள். 1659 முதல் 1661 வரை, அப்படி வாங்கிய ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கம்பெனிக் கப்பல்கள் அடிமைகளாக இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் ஏற்றிக்கொண்டு போயின.

வருஷங்களைக் கவனித்தீர்களா? அந்தப் பெண் பால் ஊற்றிக்கொண்டிருந்த அதே வருஷங்கள். டெல்ஃப்ட் நகரத்து ஓடுகளில் ஈரம் மின்னிய அதே வருஷங்கள்.

இதற்கு வெர்மீர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அவர் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர் அல்ல. கப்பல் ஏறியவரும் அல்ல. நியாயம்தான். ஆனால் 1669-இல் அவர் தீட்டிய 'பூகோள சாஸ்திரி' என்ற படத்தைப் பாருங்கள். ஜன்னலோரம் ஒரு படிப்பாளி, கையில் கவராயத்துடன், வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் அலமாரிமேல் ஓர் உலக உருண்டை. அந்த உருண்டையில் நமக்குத் தெரியும்படி திருப்பி வைத்திருக்கும் பாகம் இந்து மகா சமுத்திரம். நம் கடல் அந்த அறைக்குள் வந்திருக்கிறது; அந்தக் கடலில் போன மனிதர்கள் வரவில்லை. சமுத்திரம் அழகான ஒரு வளைவாக மட்டும் நிற்கிறது.

இதை அறிந்த அன்று அந்தக் காலண்டர்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். எழுந்து ஆணிவரை கையைக் கொண்டுபோனேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன், கை நின்றுவிட்டது.

அவள் ஒரு வேலைக்காரி. அந்தக் காலத்து டச்சு ஓவியர்கள் வேலைக்காரிகளை வரையாமல் இல்லை. தூங்குகிறவளாக, திருடித் தின்கிறவளாக, எஜமானோடு கொஞ்சுகிறவளாக, சிரிப்பு மூட்டுவதற்காக வரைந்தார்கள். வெர்மீர் அவளை ஒரு ராணியை வரைவதுபோல் வரைந்தார். அவள் துணிக்கு அவர் பூசிய நீலம், ஆப்கானிஸ்தானத்து மலையில் வெட்டி எடுத்த நீலக்கல்லைப் பொடித்துச் செய்தது. எஜமானிகளின் பட்டுக்கு எந்த வர்ணமோ, அதே வர்ணம். பால் ஊற்றுவது என்ற சாதாரண வேலையை அவள் எவ்வளவு கவனத்தோடு செய்கிறாளோ, அதே கவனத்தோடு அவர் அவளைப் பார்த்திருக்கிறார். கோலுக்குக் குறுக்கே பாய்ந்த தான்னெக்கேதான் இவள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட ஒருத்தி இருந்த வீட்டில்தான் இப்படி ஒரு படம் பிறந்தது.

கம்பெனிக் கணக்கில் மனிதர்கள் தலை எண்ணிக்கை ஆனார்கள். ஆயிரம் தலை, இரண்டாயிரம் தலை. ஒரு முகத்தைக்கூட நின்று பார்க்காதவனால்தான் அப்படி எண்ண முடியும். பார்த்துவிட்டவனுக்குக் கை கூசும். ஆகவே ஒரு மனுஷியை முழுசாகப் பார்க்கிற அந்தப் பார்வை ஊர் எரிவதற்குச் சம்பந்தமில்லாத பார்வை அல்ல. எரிக்கிறவனிடம் இல்லாத பார்வை அது.

ஆனால் அந்தப் பார்வை அவருடைய ஜன்னல் வெளிச்சம் விழுந்த தூரம்வரைதான் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். அமைதியான கலை குற்றமல்ல. அதன் அறைக்கு நாலு சுவர் இருக்கிறது என்பதை மறந்துவிடுவதுதான் குற்றம். வெர்மீரை இதற்காக நான் விசாரணைக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. அவருக்கு நாகப்பட்டினத்திலிருந்து செய்தி வர மாதக்கணக்காகும். வந்தாலும் மிளகு விலையாகத்தான் வரும். எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

இப்படி யோசித்துக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் ஒருவரிடமும் இதை நான் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தொன்பது வருஷங்களாக ஓர் அம்மாள் பாத்திரம் தேய்க்கிறார். கொல்லைப்புற வாசலால் வந்து, அதே வாசலால் போகிறவர். என் கதைகளை அன்று முழுக்க எடுத்து வைத்துப் புரட்டிப் பார்த்தேன். அவர் பல கதைகளில் வருகிறார். "வேலைக்காரி வந்து போனாள்" என்று வருகிறார். "கொல்லையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது" என்று வருகிறார். ஒரு கதையில்கூட அவருக்குப் பெயர் இல்லை. முகம் இல்லை. முந்நூற்றறுபது வருஷங்களுக்கு முன் ஓர் அன்னிய தேசத்து மனிதர் அறையின் நடுவில் நிறுத்திய அந்தப் பெண்மணியை, நான் சத்தமாக மட்டும் வைத்திருந்தேன். வெர்மீரின் பார்வை கடல்வரை எட்டவில்லை என்று குறை சொன்னேனே, என் பார்வை கொல்லைப்புறம்வரைகூட எட்டவில்லை.

வெர்மீரை உலகம் இருநூறு வருஷம் மறந்திருந்தது. 1866-இல் தோரே என்ற பிரெஞ்சு விமரிசகர் எழுதிய பிறகுதான் மெல்ல நினைவுக்கு வந்தார். 1881-இல்கூட, முத்துக் காதணி அணிந்த பெண்ணின் படம் ஹேக் நகரத்து ஏலத்தில் இரண்டு கில்டர் முப்பது சென்ட்டுக்குப் போயிற்று. 2023-இல் ஆம்ஸ்டர்டாமில் அவருடைய 28 படங்களை ஒன்றாக வைத்தபோது பார்க்க வந்தவர்கள் ஆறரை லட்சம் பேர். அந்தக் கூட்டம் கதரீனாவின் ரொட்டிக்கடைப் பாக்கிக்கு உதவவில்லை. எந்தப் புகழும் பின்னால் வந்து எந்தக் கடனையும் அடைப்பதில்லை. உயிரோடு இருக்கும்போது அடைக்க முடிந்ததை அடைத்துவிட வேண்டும். நான் 43-ஐத் தாண்டிவிட்டவன். இது எனக்கு நன்றாகவே புரிகிறது.

அந்த இளைஞர் இதைப் படிக்கிறாரோ என்னவோ. படித்தால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: அமைதியாக எழுதுவதை நான் விடப்போவதில்லை. கத்துவதற்கு எனக்குக் குரல் இல்லை. இருந்தாலும் அது என் வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. காதில் விழுகிறதா என்று கேட்டீர்கள். பக்கத்திலிருந்தே விழவில்லை என்பதுதான் உண்மை.

போன வாரம் அந்த அம்மாளைக் கூடத்தில் உட்காரச் சொல்லி, "உங்க ஊர் எதும்மா?" என்று கேட்டேன். அவர் உட்காரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எதுக்குங்க அதெல்லாம் இப்போ?" என்றார். பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்டால் வேறு எப்படிச் சொல்வார்! என் மனைவி உள்ளேயிருந்து வந்து, இரண்டு டம்ளர் காபியை வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவரும் உட்கார்ந்தார்.

ஒரு கதை ஆரம்பித்திருக்கிறேன். மெதுவாகத்தான் நகர்கிறது. அண்ணாச்சி கடைப் பாக்கியை இந்தத் தடவை முன்கூட்டியே தீர்த்துவிட்டேன்.